முடியாத ஆட்டத்தில் வெல்வது எப்படி?

இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரம் 1930களில் போலந்தைச் சேர்ந்தது. அங்கே ‘ஸ்காட்டிஷ் கஃபே’ என்ற காபிக் கடையில் கணித அறிஞர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து, பளிங்கு மேசை மேலேயே கணக்குப் போடுவார்கள். மேசையைத் துடைத்தால் எல்லாம் போச்சு. அதனால் அவர்களில் ஒருவரான ஸ்டெஃபான் பானாக்கின் மனைவி லூட்சியா ஒரு தடித்த நோட்டு வாங்கித் தந்தார். அதில் எழுதப்பட்ட கேள்விகளில் 43-வது, ஸ்தானிஸ்லாவ் மஸூர் என்ற கணித அறிஞருடையது. விடைக்குப் பரிசு ஒரு பாட்டில் ஒயின்.

கேள்வி ஓர் ஆட்டத்தைப் பற்றியது. எண்கோட்டில் ஏதாவது ஒரு புள்ளிக் கணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாமவர் ஓர் இடைவெளியைத் தேர்ந்தெடுப்பார். இரண்டாமவர் அதற்குள் சிறியதாக ஒன்று. அதற்குள் மறுபடி முதலாமவர். இதற்கு முடிவே கிடையாது. எல்லா இடைவெளிகளுக்கும் பொதுவான புள்ளிகளில் ஒன்றாவது அந்தக் கணத்தில் இருந்தால் முதலாமவருக்கு வெற்றி. இல்லாவிட்டால் மற்றவருக்கு.

விகிதமுறு எண்களைக் கணமாக வைப்போம். கோட்டில் எங்கே தொட்டாலும் அவை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். முதலாமவர் தோற்கவே மாட்டார் என்று தோன்றும். ஆனால் அவற்றை வரிசையாகப் பட்டியலிட முடியும். இரண்டாமவருக்கு அது போதும். பட்டியல் 1/2, 5/8 என்று தொடங்கட்டும். முதலாமவர் 0 முதல் 1 வரை எடுத்தால், இவர் 0.6 முதல் 0.7 வரை எடுப்பார். 1/2 வெளியே போய்விட்டது. அவர் 0.61–0.65 என்றால் இவர் 0.63–0.64, 5/8-ம் போயிற்று. முறைக்கு ஒன்றாகக் கழித்துக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுவதில் ஒரு விகிதமுறு எண்கூட இருக்காது.

எங்கும் நிறைந்திருந்தும் இந்தக் கணம் மெலிந்ததுதான் என்பதை ஓர் ஆட்டம் இவ்வளவு எளிதாகக் காட்டிவிடுவது எனக்குத் தீராத வியப்பு. ஒரு கணத்தைப் பட்டியலிடக்கூடிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் எந்த இடைவெளிக்குள்ளும் நகர்ந்து தவிர்க்க முடியுமானால், இரண்டாமவருக்கு வெற்றி நிச்சயம். இதை மஸூர் அறிவார். அவர் கேட்டது, வேறு வகைக் கணங்களிலும் இரண்டாமவருக்கு வெற்றி உத்தி இருக்குமா என்று. இருக்காது என்று பானாக் 1935 ஆகஸ்ட் 4 அன்று நோட்டில் பதில் எழுதினார். நிரூபணத்தைக் கணித அறிஞர் ஆக்ஸ்டோபி 1957-ல் வெளியிட்டார்.

இருவர் எதையும் மறைக்காமல் மாறி மாறி ஆடும், தற்செயலுக்கும் சமநிலைக்கும் இடமில்லாத, முடிவுள்ள ஆட்டத்தில் ஒருவருக்கு வெற்றி உத்தி இருந்தே தீரும். இங்கே அப்படியில்லை. வெற்றில்லாத கணங்கள் எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற தேர்வு அடிக்கோளை ஏற்றுக்கொண்டால், இருவருக்குமே உத்தி இல்லாத கணங்களும் உண்டு.

தாளும் பேனாவும் எடுத்து, இந்த முறை விகிதமுறா எண்களைக் கணமாக வைத்து ஆடிப் பாருங்கள். அதே விகிதமுறு எண் பட்டியலோடு முதலாமவர் வெல்வார்.