மெஷினுக்குத் துப்பாக்கிக் காவல்... செல்போனுக்கு யார் காவல்?

2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. மதுரையில் ஒரு பக்கம் மாசி வீதிகளில் மீனாட்சியம்மன் தேர், இன்னொரு பக்கம் நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டுப்பதிவு. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தை மனதில் வைத்து மதுரைத் தொகுதிக்கு மட்டும் இரவு 8 மணி வரை நேரம் கொடுத்திருந்தார்கள். மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கினார். அதற்கும் மறுநாள், ஊரே அசதியில் இருந்த சனிக்கிழமையன்று, அந்தச் சம்பவம் நடந்தது.

வாக்கு எண்ணும் மையமான மதுரை மருத்துவக் கல்லூரிக்குள் பெண் அதிகாரி ஒருவர், ஊழியர்கள் சிலரை அழைத்துக்கொண்டு போனார். தேர்தல் ஆவணங்கள் வைத்திருந்த அறைக்குள் நுழைந்து வெகுநேரம் இருந்துவிட்டு வந்தார். விஷயம் வெளியே தெரிந்ததும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சு.வெங்கடேசன் உள்ளிட்டோர் மையத்தின் முன்பு போராட்டத்தில் இறங்கினார்கள். அதிகாரியும் உடன் போனவர்களும் சஸ்பெண்ட் ஆனார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், கலெக்டர் மாற்றப்பட்டார். மே 23-ல் வெங்கடேசன் 1.39 லட்சம் வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்ததும் ஊர் இதை மறந்துவிட்டது.

ஆனால் மறக்கக்கூடாத விவரம் ஒன்று இதில் உண்டு. 'அவர் போனது வாக்குப்பதிவு இயந்திரங்கள் இருந்த ஸ்ட்ராங் ரூமுக்குள் அல்ல' என்பதுதான் அதிகாரிகள் சொன்ன விளக்கம். உண்மைதான். இயந்திரங்களுக்குப் பூட்டு, சீல், கேமரா, துப்பாக்கி ஏந்திய காவலர் என எல்லாம் இருந்தன. காகிதங்கள் இருந்த அறைக்குத்தான் அந்த அளவு கவனிப்பு இல்லை.

இன்றைக்கு அந்தக் காகித அறை, கட்சிக்காரர்களின் செல்போனுக்குள் போய்விட்டது. பாகம் எண், கதவு எண், குடும்பத்தில் எத்தனை ஓட்டு, யார் வெளியூர், யார் 'நம்ம ஆளு', எல்லாருடைய செல் நம்பரும் அதில் இருக்கின்றன. அதற்குக் காவல் பெரும்பாலும் நாலு இலக்க பின் நம்பர்தான். பல போன்களில் அதுவும் கிடையாது.

தேர்தல் வந்தாலே 'மெஷினை ஹேக் பண்ணிட்டாங்களா?' என்ற கேள்வியும் வந்துவிடும். அந்த இயந்திரத்துக்கும் தமிழுக்கும் ஓர் உறவு உண்டு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அதை உருவாக்கிய பணியை மேற்பார்வையிட்டவர்களில் ஒருவர் எஸ்.ரங்கராஜன். நம் எழுத்தாளர் சுஜாதாதான்! 1982-ல் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். இணையத்தோடு இணைப்பே இல்லாத இயந்திரம் அது. அதைப் பற்றிய சந்தேகமும் வழக்கும் ஒருபுறம் ஓடட்டும். இத்தனை ஆண்டுகளில் வெளிப்படையாக, எல்லோர் கண்முன்னாலும் ஹேக் ஆனவை கட்சிகளின் கணக்குகளும் இணையதளங்களும்தான்.

2016 நவம்பர் 30 அன்று மாலை, ராகுல் காந்தியின் ட்விட்டர் பக்கத்தில் ஆபாசப் பதிவுகள் வரத் தொடங்கின. மறுநாள் காலை காங்கிரஸ் கட்சியின் அதிகாரபூர்வப் பக்கத்துக்கும் அதே கதி. 'லீஜியன்' என்ற கும்பல் பொறுப்பேற்றது. அந்த வாரம் தமிழ்நாட்டின் கண்கள் வேறோர் இடத்தில் இருந்தன. அப்போலோவில் இருந்த முதல்வர் ஜெயலலிதா டிசம்பர் 5-ல் காலமானார். சில நாள்களில் அமெரிக்காவின் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையிடம் பேசிய அந்தக் கும்பலைச் சேர்ந்த ஒருவர், அப்போலோ மருத்துவமனையின் சர்வர்களுக்குள்ளும் புகுந்துவிட்டதாகவும், அதில் இருப்பதை வெளியிட்டால் நாட்டில் குழப்பம் வரும் என்றும் சொன்னார். அது வெறும் சவடாலாகவும் இருக்கலாம். ஆனால், அந்த நேரத்தில் அப்படி ஒரு வாக்கியமே போதும், ஊரைக் கலக்க.

அடுத்து பா.ஜ.க. 2019 மார்ச் 5-ல் அந்தக் கட்சியின் இணையதளம் முடங்கியது. ஐந்து நாள் கழித்து, மார்ச் 10-ல் தேர்தல் தேதி அறிவிப்பு. நாட்டையே ஆளும் கட்சியின் தளம், பிரசாரம் சூடுபிடிக்கும் வேளையில் சுமார் இரண்டு வாரங்கள் 'விரைவில் திரும்பி வருகிறோம்' என்ற அறிவிப்போடு நின்றது. 2021 ஜூலையில் நடிகையும் பா.ஜ.க பிரமுகருமான குஷ்புவின் ட்விட்டர் பக்கம் பறிபோனது. பெயரை மாற்றி, பழைய பதிவுகளை எல்லாம் அழித்திருந்தார்கள். ஆயிரம் விளக்குத் தொகுதியில் அவர் போட்டியிட்டு மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. அது பிரசார நேரத்தில் நடந்திருந்தால் என்னென்ன பதிவுகள் வந்திருக்கும்?

ஒரு எழுத்துப் பிழை

இந்த வேலைக்குப் பெரிய கம்ப்யூட்டர் மேதை தேவை என்று நினைத்தால், உலகிலேயே பெரிய தேர்தல் ஹேக்கிங் கதையைக் கேட்க வேண்டும். 2016 மார்ச் 19. ஹிலாரி கிளின்டனின் பிரசாரக் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு கூகுள் அனுப்பியதுபோலவே ஒரு மெயில். 'உங்கள் பாஸ்வேர்டு வேறொருவரிடம் போய்விட்டது, உடனே மாற்றவும்' என்று ஒரு லிங்க். உதவியாளர்கள் சும்மா க்ளிக் செய்துவிடவில்லை. கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவரிடம் கேட்டார்கள். அவருக்கும் அது போலி என்று தெரியும். ஆனால் 'முறையற்ற மெயில்' என்று எழுத நினைத்து 'முறையான மெயில்' என்று எழுதிவிட்டேன் என்று பின்னாளில் அவர் சொன்னார். லிங்க் அழுத்தப்பட்டது. பல்லாயிரம் மெயில்கள் களவு போயின. அக்டோபரில், வாக்குப்பதிவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, விக்கிலீக்ஸ் அவற்றைத் தினம் ஒரு கட்டாக வெளியிட்டது. ரஷ்ய ராணுவ உளவுத்துறையினர் 12 பேர்மீது 2018-ல் அமெரிக்கா குற்றம் சாட்டியது. அவர்களை அமெரிக்க நீதிமன்றத்தில் நிறுத்த முடிந்ததா என்று கேட்காதீர்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் உஷார். 2017-ல் மக்ரோன் குழுவுக்கு இதேபோல போலி லிங்குகள் வந்தபோது, அதில் வேண்டுமென்றே தப்பான பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் கொட்டி எதிராளியைத் திணறடித்தார்கள். அப்படியும் மெயில்கள் கசிந்தன. ஆனாலும் எது அசல், எது போலி என்று திருடியவர்களே தலையைச் சொறியும் நிலை.

நம் ஊர்ப் பிரசாரக் குழுக்களை நினைத்துப் பாருங்கள். தேர்தல் அலுவலகம் என்பது மூன்று மாதக் கடை. கல்யாண மண்டபத்திலோ, காலியான கடையிலோ வாடகைக்கு நாலு கம்ப்யூட்டர் வைத்துத் திறப்பார்கள். வேட்பாளரின் ஃபேஸ்புக் பக்கத்தை மச்சான் பார்ப்பார், ட்விட்டரை ஏஜென்சி பையன் பார்ப்பார், பாஸ்வேர்டு வாட்ஸ்அப் குரூப்பில் கிடக்கும். வேட்பாளர் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்ததுதான் அந்தப் பாஸ்வேர்டு என்றாலும் ஆச்சர்யமில்லை. சுவர் விளம்பரத்துக்கும் வேனுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பவர்கள், செலவே இல்லாத இரண்டடுக்குப் பாதுகாப்பை 'ஆன்' செய்ய மறந்துவிடுகிறார்கள்.

சில தாக்குதல்களுக்கு இந்தப் பூட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 தேர்தலில் தி.மு.க-வுக்கும் மம்தா பானர்ஜிக்கும் வியூகம் வகுத்த பிரசாந்த் கிஷோரின் போனில், பெகாசஸ் உளவு மென்பொருளின் தடயம் இருந்ததாக ஆம்னஸ்டி அமைப்பின் ஆய்வகம் சொன்னது. அந்த மென்பொருள் நாம் எதையும் அழுத்தாமலே போனுக்குள் நுழையக்கூடியது. உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, தன்னிடம் வந்த 29 போன்களில் ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் அறிக்கை கொடுத்தது. விஷயம் அந்த அளவில் நிற்கிறது.

லிஸ்ட் யார் கையில்?

கட்சித் தலைவரின் ட்விட்டர் போனால் ஒரு நாள் செய்தி. வாக்காளர் லிஸ்ட் போனால் நஷ்டம் நமக்கு.

ஒரு லிஸ்ட்டின் பலம் என்ன என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தல் 'ஃபார்முலா' என்ற சொல்லையே அகராதியில் சேர்த்தது. சென்னை அமெரிக்கத் தூதரக அதிகாரிகள் அதைப் பற்றி வாஷிங்டனுக்கு எழுதிய ரகசியக் குறிப்பு விக்கிலீக்ஸில் கசிந்து, 2011 மார்ச்சில் 'தி இந்து' நாளிதழில் வெளியானது. காலையில் செய்தித்தாளோடு சேர்ந்து, பணம் வைத்த கவர் வாக்காளர் வீடுகளுக்கு வந்ததாக அதில் எழுதியிருந்தார்கள். அமெரிக்க அரசே தன் கம்ப்யூட்டரைக் காப்பாற்ற முடியாததால் திருமங்கலம் கதை உலகத்துக்குத் தெரிந்தது என்பது தனி வேடிக்கை. அன்று அந்த வேலைக்கு வாக்காளர் பட்டியல் மட்டும் போதுமாக இருந்தது. இன்று பட்டியலோடு போன் நம்பரும் சேர்ந்துவிட்டது.

தேர்தல் ஆணையம் வெளியிடும் வாக்காளர் பட்டியலில் போன் நம்பர் கிடையாது. பிறகு கட்சிக்காரருக்கு அது எப்படிக் கிடைக்கிறது? இந்தக் கேள்வி 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. புதுச்சேரியில் ஆதாரோடு இணைத்த செல் நம்பர்களுக்கு பா.ஜ.க தரப்பிலிருந்து செய்தி வருகிறது, பூத் வாரியாக வாட்ஸ்அப் குரூப்பில் சேர்க்கிறார்கள் என்று இளைஞர் அமைப்பான டி.ஒய்.எஃப்.ஐ வழக்குப் போட்டது. 'வீடு வீடாகப் போய் வாங்கிய நம்பர்கள்' என்றது கட்சி. குற்றச்சாட்டில் சாரம் இருப்பதாகக் கருதிய நீதிமன்றம், ஆதார் ஆணையத்திடம் விளக்கம் கேட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு ஹைதராபாத்தில், தெலுங்கு தேசம் கட்சிக்கு ஆப் செய்துகொடுத்த நிறுவனத்திடம் சுமார் 7.8 கோடிப் பேரின் ஆதார் விவரங்கள் இருந்ததாகப் புகார் கொடுத்ததே ஆதார் ஆணையம்தான்.

இப்போது மதுரை. 2025 ஜூலை 1-ல் தி.மு.க 'ஓரணியில் தமிழ்நாடு' உறுப்பினர் சேர்க்கையைத் தொடங்கியது. தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். போனுக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால் உறுப்பினர். ஆதார் விவரமும் கேட்கிறார்கள் என்று சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பகுதியைச் சேர்ந்த ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். ஆதாரைச் சேகரிக்கவில்லை என்று கட்சி மறுத்தது. ஆனாலும் மக்களின் விவரங்களுக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வியோடு, ஓடிபி அனுப்ப ஜூலை 21-ல் இடைக்காலத் தடை வந்தது. கட்சி உச்ச நீதிமன்றம் போயும் ஆகஸ்ட்டில் அந்தத் தடை விலகவில்லை.

கட்சிக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். பிரச்னை அதுவல்ல. 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதே' என்று வங்கிகள் பல வருடங்களாகத் தொண்டை கிழியக் கத்திவருகின்றன. அதே ஓடிபியை வாசலில் நிற்கும் வெள்ளை வேட்டிக்காரரிடம் சொல்வதற்கு அப்பத்தாவைப் பழக்கிவிட்டால், அடுத்த வாரம் அதே கரை வேட்டியோடு வருபவன் கட்சிக்காரன்தானா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்த ஆறு இலக்கம் வாட்ஸ்அப் அனுப்பியதாக இருந்தால், அவருடைய கணக்கே கைமாறிவிடும். பிறகு அவர் பெயரில் மகனுக்கும் மருமகளுக்கும் 'அவசரமா பத்தாயிரம் அனுப்பு' என்று மெசேஜ் போகும்.

அதனால் சில காரியங்களை இன்றைக்கே செய்யலாம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தைத் திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் ஒட்டிக்கொண்டிருந்தால் வெளியேற்றுங்கள். அதே செட்டிங்ஸில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்ற பின் நம்பரைப் போட்டுவையுங்கள். 'பூத் ஸ்லிப் பார்க்க இந்த ஆப்' என்று குரூப்பில் வரும் ஃபைலை இறக்காதீர்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை 1950-க்கு போன் செய்தே கேட்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930.

தேர்தல் முடிந்ததும் அந்த லிஸ்ட் எங்கே போகும்? அலுவலகத்தைக் காலி செய்வார்கள். கம்ப்யூட்டர் வாடகைக்காரரிடம் திரும்பும். பூத் பொறுப்பாளர் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுசு வாங்குவார். நம்பர்கள் எல்லாம் அந்தந்த இடத்திலேயே கிடக்கும். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், விவரத்தை அழிக்கச் சொல்லவும் உரிமை உண்டு. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை, 'எலெக்‌ஷன் முடிஞ்சிருச்சுல்ல தம்பி, எங்க வீட்டு நம்பரை அழிச்சிரு' என்று தெருமுனையில் பார்க்கும்போது வாயால் கேட்பதுதான் வழி.