வண்டியில் கூடுதல் விளக்கா? முதலில் பியூஸ்!

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



பயிர் நன்றாக விளைந்தால் மட்டும் போதாது. விளைந்தது சேதமில்லாமல் சந்தைக்குப் போய்ச் சேரவும் வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு, புளி, கடுக்காய் எல்லாம் கீழே இறங்குவதும், உர மூட்டைகள் மேலே ஏறுவதும் இன்று பெரும்பாலும் சிறிய சரக்கு வேன்களில்தான். 2005-இல் வந்த டாடா ஏஸ் வண்டிக்கு நம் மக்கள் 'குட்டி யானை' என்று செல்லப் பெயரே வைத்துவிட்டார்கள்.

வண்டி வாங்கியதும் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறோம். இராத்திரியில் மூட்டை ஏற்றப் பின்பக்கம் ஒரு விளக்கு, டிரைவருக்கு ஒரு மின்விசிறி, பாட்டு செட்டு, செல்போன் சார்ஜர், டிரம்மிலிருந்து மருந்து தெளிக்க 12 வோல்ட் பம்பு. சேர்ப்பதில் தவறில்லை. ஆனால், பாட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து, பியூஸ் இல்லாமல் இணைத்துவிடுகிறோமே, அதுதான் ஆபத்து.

"பன்னிரண்டு வோல்ட்தானே சார், தொட்டாக்கூட ஷாக் அடிக்காதே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். இங்கே பயம் ஷாக்கைப் பற்றியது அல்ல, தீயைப் பற்றியது. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது அதே பாட்டரி நூறு ஆம்பியருக்கு மேலேயே கொடுக்கிறது. உறை தேய்ந்த ஒரு மெல்லிய வயர் வண்டியின் இரும்பில் பட்டால், அவ்வளவு மின்சாரமும் அதன் வழியே பாயும். சில நொடிகளில் வயர் பழுத்துச் சிவந்துவிடும். பக்கத்திலேயே டீசல் குழாய்; அந்தப் பக்கம் சீட்டு மெத்தை; பின்னால் வைக்கோல் ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பியூஸின் வேலை என்ன? விளக்கைக் காப்பாற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை வயரைக் காப்பாற்றுவது. அதனால் அது எங்கே இருக்க வேண்டும் என்பது முக்கியம். கோமுகி அணையை நினைத்துக்கொள்ளுங்கள். மதகு அணையில் இருக்கிறது. வாய்க்கால் நடுவில் உடைந்தால் மதகை இறக்கித் தண்ணீரை நிறுத்திவிடலாம். அந்த மதகைக் கடைமடையில் வைத்திருந்தால் என்ன பயன்? அதுபோல, பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் இருக்கும் வயருக்குக் காவல் இல்லை.

எத்தனை ஆம்பியர் பியூஸ் போடுவது? கணக்கு சுலபம். பொருளின் மீது எழுதியிருக்கும் வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். 55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு என்றால் 110 வாட். வகுத்தால் ஏறக்குறைய 9 ஆம்பியர். அதற்குக் கால் பங்கு கூட்டினால் சுமார் 11½. அதற்கு அடுத்த அளவான 15 ஆம்பியர் பியூஸ் போடலாம். 18 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு என்றால் 3 ஆம்பியர்தான். 5 ஆம்பியர் பியூஸ் போதும்.

பியூஸுக்கு ஏற்ற வயரும் வேண்டும். செம்பு வயரில் 1 சதுர மில்லிமீட்டருக்கு 10 ஆம்பியர், 1.5-க்கு 15, 2.5-க்கு 20 ஆம்பியர் பியூஸ் வரை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வண்டியின் பின்பக்கம் வரை போகும் வயரை ஒரு அளவு பெரியதாகவே வாங்குங்கள். நீளம் கூடக் கூட விளக்கு மங்கும்.

இப்போது கிடைக்கும் தட்டைப் பியூஸ்களுக்கு நிறமே அடையாளம். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. படிக்கத் தெரியாதவரும் நிறம் பார்த்து மாற்றலாம்.

ஹாலஜன் விளக்கு, பம்பு போல அதிக மின்சாரம் இழுக்கும் பொருளுக்கு ரிலே அவசியம். டிரைவர் பக்கத்தில் உள்ள சிறிய சுவிட்சு ரிலேயை மட்டும் தட்டிவிடும். பெரிய மின்சாரம் ரிலே வழியாகப் போகும். ரிலேயில் 30 என்று எழுதிய முனைக்குப் பியூஸிலிருந்து வரும் வயர்; 87-க்கு விளக்குக்குப் போகும் வயர்; 86-க்குச் சுவிட்சு வயர்; 85-க்கு எர்த். சுவிட்சுக்கான மின்சாரத்தை, சாவி போட்டால் மட்டும் வருகிற, ஏற்கெனவே பியூஸ் உள்ள இணைப்பிலிருந்து எடுங்கள். சாவியை எடுத்ததும் எல்லாம் அணைந்துவிடும். இல்லாவிட்டால், 5 ஆம்பியர் இழுக்கும் விளக்கு ஒன்று இராத்திரி எட்டு மணி நேரம் எரிந்தால், 40 ஆம்பியர்-மணி பாட்டரி காலையில் காலி!

வேலை தொடங்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். முடிந்தபின் அதைக் கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்ட உடனே தீப்பொறி பறக்கும். தகட்டு ஓட்டையில் வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றினால் எஞ்சின் சூட்டில் பிசின் இளகிவிடும். லக் வைத்து நசுக்கி, மேலே ஸ்லீவ் போடுங்கள். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில் இறுக்குங்கள். 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.6 வண்டிகளில் எலக்ட்ரானிக் கருவிகள் நிறைய. அவற்றின் வயர்க் கட்டை வெட்டி இணைப்பு எடுக்கவே கூடாது. இந்த வேலையை நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தாலும், "பியூஸ் எங்கே வச்சீங்க, எத்தனை ஆம்பியர்?" என்று கேட்டுப் பாருங்கள்.

பியூஸ் போய்விட்டால்? பம்புசெட்டு பீஸ் கட்டையில் கம்பியைக் கட்டிப் பழகிய கை, இங்கேயும் செம்புக் கம்பியைத் தேடும். வேண்டாம். சிகரெட் பெட்டித் தாளும் வேண்டாம். பொருளின் இணைப்பைக் கழற்றிவிட்டு அதே அளவு புதுப் பியூஸ் போடுங்கள். உடனே போனால் கோளாறு வயரில், போகாவிட்டால் பொருளில். கோளாறைத் தேடாமல் பெரிய பியூஸ் போடுவது, குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுவது மாதிரி.

ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பியூஸ் வையுங்கள். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு இருட்டில் ஏறும்போது, பாட்டு செட்டுக் கோளாறால் ஹெட்லைட்டும் சேர்ந்து அணைந்தால் அந்த வளைவில் என்ன நடக்கும்? தனித்தனியாக இருந்தால் பாட்டு மட்டும்தான் நிற்கும். ஹெட்லைட் பியூஸே போனாலும், அதே அளவு பியூஸை வேறொரு பொருளிலிருந்து எடுத்துப் போட்டு ஊர் வந்து சேரலாம்.

இன்னொன்று. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முன்பக்கம் ஸ்பாட் லைட் பொருத்த முன் அனுமதி வேண்டும். பலகுரல் ஹாரனுக்கும் தடை உண்டு.

வண்டியில் கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்தி, சாவியை அணைத்து, ஆட்களை இறக்குங்கள். சரக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாட்டரிக்குப் பக்கத்தில் பியூஸ், வயருக்கு ஏற்ற அளவு, பொருளுக்கொரு பியூஸ். இந்த மூன்றையும் மறவாதீர்கள். தட்டைப் பியூஸ் ஒன்றின் விலை சில ரூபாய்தான்.