விளம்பரத்துக்கு உங்க ஆசை தெரியும், பட்ஜெட்?

சேலையூர் கேம்ப் ரோட்ல பஸ்ஸுக்கு நிக்கும்போது சும்மா ஒரு பைக் விலையைத் தேடியிருப்பீங்க. வீட்டுக்குப் போறதுக்குள்ள மொபைல்ல லோன் விளம்பரம் வந்து நிக்கும். இது நமக்கு நல்லதா?

வாங்கணும்னு ஏற்கனவே முடிவு பண்ணியிருந்தா நல்லதுதான், தேடுற நேரம் மிச்சம். ஆனா உங்க மாசக் கடைசி பேலன்ஸ் பத்தி அந்த விளம்பரத்துக்குக் கவலை இல்ல.

‘மாசம் வெறும் 2%’னு 20,000 ரூபாய் எடுத்தா, ஃபிளாட் வட்டியில 12 மாசத்துக்கு 4,800 ரூபாய் வட்டி. அசல் குறைஞ்சாலும் வட்டி குறையாது. அதனால உண்மையான ஆண்டு வட்டி 40 சதவீதத்துக்கும் மேல!

ஓகே அழுத்துறதுக்கு முன்னாடி, ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிற கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்ல ஏ.பி.ஆர். எவ்வளவுன்னு பாருங்க. கூகுள் மை ஆட் சென்டர்ல பர்சனலைஸ்டு விளம்பரத்தை ஆஃப் பண்ணுங்க. அப்புறமும் அந்த பைக் ஞாபகம் வந்தா, அது உங்க ஆசை.