பொறந்ததே வரி வசூலிக்கத்தான்!

உங்க ஏரியாவுல குப்பை அள்ளலைன்னா யாரைத் திட்டுவீங்க? கார்ப்பரேஷனை! ஆனா சென்னை மாநகராட்சி பிறந்த கதை தெரியுமா பாஸ்? வரி போட்டா மக்கள் சண்டைக்கு வராம இருக்கணும்... அதுக்காகப் போட்ட பிளான்தான் அது!

1670-களின் கடைசியில கோட்டை கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர், தெருவைச் சுத்தம் பண்ண வீட்டு வரி போட்டார். 'முடியாது'ன்னுட்டாங்க ஜனங்க. 1686-ல திரும்பவும் வரி. இந்த முறை கறுப்பர் நகரத்துல கடையையே இழுத்து மூடிட்டாங்க!

லண்டன்ல இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி பெரும்புள்ளி ஜோசையா சைல்டுக்கு ஒரு ஐடியா. 'நாம போட்டாத்தானே கட்ட மாட்டேங்கிறாங்க? அவங்க ஆளுங்களையே வெச்சுப் போட்டா?' டூர் காசை ஹெச்.ஓ.டி. கேட்டா முணுமுணுப்போம். கிளாஸ் ரெப் கேட்டா கொடுத்துடுவோம்ல, அதே டெக்னிக்!

ரெப் வந்தாச்சு!

1687 டிசம்பர்ல சாசனம் ரெடி. 1688 செப்டம்பர் 29-ல மாநகராட்சி ஆரம்பம். முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன். கூடவே 12 ஆல்டர்மேன்கள். அதுல வெள்ளைக்காரங்க மட்டுமில்லை, யூத வியாபாரிகளும் இந்து வியாபாரிகளும்கூட இருந்தாங்க. டவுன் ஹால், ஜெயில், பள்ளிக்கூடம் கட்ட வரி போடலாம்னு பவரும் கொடுத்தாங்க. ஆனா ஜனங்க அப்பவும் சுலபத்துல மசியலை!

ரெப் இல்லாத கிளாஸ்

சைல்டு சொன்னதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. நம்ம ஆளு இல்லாம வரி மட்டும் வாங்கினா? அதுவும் நடந்திருக்கு. 1973-ல மன்றத்தைக் கலைச்சாங்க. மறுபடி தேர்தல் வந்தது 1996-லதான்! அப்புறம் 2016 அக்டோபர்லேர்ந்து 2022 வரைக்கும் கவுன்சிலரே கிடையாது. சொத்து வரி பில் மட்டும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை கரெக்டா வந்துச்சு.

2022 பிப்ரவரியில ஒருவழியா தேர்தல். சென்னையில பாதிப் பேர்கூட ஓட்டுப் போடலை! ஏப்ரல்ல சொத்து வரி ஏறிச்சு. பழைய சென்னைப் பகுதி வீடுகள்ல, 600 சதுர அடி வரைக்கும் 50 சதவிகிதம், 1,800-க்கு மேலன்னா 150 சதவிகிதம்.

நமக்கென்ன மச்சி?

'சொந்த வீடே இல்லை, ரூம்லதானே இருக்கோம்'னு எஸ்கேப் ஆகாதீங்க. ஹவுஸ் ஓனர் கட்டுற வரி, வாடகையில உங்க தலையிலதான் விடியும். இன்னொரு மேட்டர்... சொத்து வரியில ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியா சேர்த்து வசூலாகுது. செமஸ்டருக்கு முன்னாடி பொது நூலகத்துல இடம் பிடிக்கிறீங்களே... அதுக்குப் பின்னாடி இந்தக் காசும் இருக்கு!

அதனால அடுத்த வார்டு தேர்தல் அன்னிக்கு லீவு விட்டாங்கன்னு தூங்கிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். உங்க வார்டு நம்பர் என்ன, கவுன்சிலர் யாருன்னு இன்னிக்கே கேட்டு வைங்க. காசு நம்மளோடது... கணக்கு கேட்குற ஆளும் நம்மாளா இருக்கட்டும்!