விழிஞ்ஞத்தை நம்பி இடம் வாங்கும் முன்

2025 மே 2 அன்று விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதை நம்பி, கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை, அதியன்னூர் வட்டாரத்தில் முதன்முறையாக இடம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயம் கேட்கிறார்கள். போர்ட் எத்தனை கிலோமீட்டர், பைபாஸ் எவ்வளவு தூரம், சென்ட் என்ன விலை? மூன்றுக்கும் தரகரிடம் பதில் தயாராக இருக்கும். பணம் போய் மாட்டிக்கொள்வது அவர் வாயைத் திறக்காத இடங்களில்.

ரோட்டோரத்தில் தென்னையும் வாழையும் நிற்கிற பத்து சென்ட் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து இடத்தைவிட விலை குறைவு. ஓரமாக ஒரு கைத்தோடு ஓடுகிறது, கரையில் சேம்பு தழைத்துக் கிடக்கிறது, கிணற்றை எட்டிப் பார்த்தால் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர். ஆதாரத்தில், அதாவது கிரயப் பத்திரத்தில், ‘புரயிடம்’ என்று எழுதியிருக்கிறது. கரம் கட்டிய ரசீதும் உண்டு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

ஆனால் ஆதாரத்தில் உள்ளது விற்பவர் சொல்லி எழுத்தர் எழுதியது. அரசு நம்புவது வில்லேஜ் ஆபீஸில் இருக்கும் அடிப்படை வரிப் பதிவேட்டை. கேரள ரெவின்யூ கணக்கில் ‘நிலம்’ என்றால் நெல்வயல். வீடு கட்டத் தக்க மனைதான் புரயிடம். பதிவேட்டில் ‘நிலம்’ என்று இருந்தால், மேலே நிற்கிற தென்னைக்கு என்ன வயதானாலும் கணக்கில் அது வயல்தான். அதை மாற்ற, 2008 ஆகஸ்ட் 12 முதல் அமலில் உள்ள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அதுவரை பஞ்சாயத்து கட்டட அனுமதி தராது, பாங்கு கடனும் தராது.

அதற்கும் மேலே டேட்டா பேங்க் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஊருக்கு ஊர் வயலையும் நீர்நிலத்தையும் சர்வே எண்ணோடு குறித்து வைத்தது. உங்கள் எண் அதில் தவறாக ஏறியிருந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) நிலை அதிகாரிக்குப் படிவம் 5 கொடுக்க வேண்டும். வேளாண் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். 2008-க்கு முன்பே அந்த இடம் நிரப்பப்பட்டதா என்று பழைய செயற்கைக்கோள் படங்களையும் புரட்டுவார்கள். பட்டியலில் இல்லாமல் பதிவேட்டில் மட்டும் ‘நிலம்’ என்றிருந்தால் 50 சென்ட் வரைக்கும் படிவம் 6. கோப்பு எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தனை நாளும் உங்கள் முதல் அங்கேயே முடங்கிக் கிடக்கும்.

தரகர்கள் அரைகுறையாகச் சொல்லும் ஒரு சலுகையும் இதில் உண்டு. 25 சென்டுக்குள் இருந்தால் தரமாற்றத்துக்கு, அதாவது ‘நிலம்’ என்ற பதிவைப் புரயிடமாக மாற்றுவதற்கு, கட்டணம் கிடையாது என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் 2017 டிசம்பர் 30 அன்றே அது 25 சென்டுக்குள் தனியாக நின்ற இடமாக இருந்திருக்க வேண்டும். பெரிய வயலைப் பிறகு துண்டு போட்டு விற்றால் அந்தத் துண்டுக்குச் சலுகை வராது. சொந்த வீடில்லாதவர் குடியிருக்கக் கட்டுவதற்கு வேறு விலக்கு இருக்கிறது, ஆனால் வாங்கி விற்க வந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

அடுத்தது பங்கு. இந்த எல்லையோரக் குடும்பங்கள் பலவும் கிறிஸ்தவக் குடும்பங்கள். 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. ஆணும் பெண்ணும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கமிருந்த சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு இருந்தது. மேரி ராய் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1-லிருந்தே செல்லாது என்று ஆகிவிட்டது. ஆக, அந்தத் தேதிக்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்கும் சமபங்கு. அண்ணன் தம்பிகள் மட்டும் பாகப் பத்திரம் எழுதி விற்ற இடம் என்றால், கட்டிக்கொடுத்த தங்கச்சியின் கையெழுத்து எங்கே என்று கேளுங்கள். “அவ வளைகுடாவுல இருக்கா, ஒண்ணும் சொல்லமாட்டா” என்று பதில் வந்தால் அட்வான்ஸைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சென்ட் விலை ஏற ஏற, ஒண்ணும் சொல்லாதவர்களுக்கும் சொல்ல ஏதாவது வந்துவிடும்.

சாலையை நம்பி வாங்குவதிலும் இரண்டு பக்கம் இருக்கிறது. கழக்கூட்டம்–காரோடு பைபாஸை ஒட்டிய இடம் என்றால் முகப்பு கிடைத்துவிட்டதாக நினைப்போம். ஆனால் பிரதான பாதையில் நினைத்த இடத்தில் இறங்க விடமாட்டார்கள். சர்வீஸ் ரோடு உண்டா, அங்கிருந்து இடத்துக்கு வழி உண்டா, அந்த வழி ஆதாரத்தில் ஏறியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் மதிப்பு. விழிஞ்ஞம்–நாவாய்க்குளம் வெளிவட்டச் சாலைக்காக நிலமெடுப்பு அறிவிப்பில் சிக்கியவர்கள் கதை இன்னும் மோசம். பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து போராட்டம் வரைக்கும் போனார்கள். அந்த இடத்தை விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. வரைபடத்தில் சாலைக்கு 200 மீட்டர் தள்ளி இருப்பதும் சாலைக்கு உள்ளேயே இருப்பதும் தரகர் கை காட்டும்போது ஒன்றுபோலவே தெரியும். சர்வே எண்ணை அறிவிப்போடு ஒத்துப் பார்க்காமல் இங்கே யாரும் கிரயம் பேசக்கூடாது என்பது என் கட்சி.

கடைசியில் கணக்கு. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். தமிழ்நாட்டில் இது 7-ம் 2-ம். சென்ட் 4 லட்சம் என்று வைத்தால் பத்து சென்டுக்கு 40 லட்சம். அதன் மேல் பதிவுக்கு மட்டும் 4 லட்சம். வாங்கும்போதும் விற்கும்போதும் தரகருக்கு 2 சதவீதம் என்றால் 1.6 லட்சம் சொச்சம். விலை 14 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறினால்தான் போட்ட பணமே முழுசாகத் திரும்பும். அதற்கு மேல் வரும் லாபத்துக்கு, இரண்டு வருஷம் கழித்து விற்றால் 12.5 சதவீத வரி. முன்பே விற்றால் உங்கள் வருமான வரி விகிதத்தில். நகையை அடகு வைத்து வாங்கியவர்கள் இந்தக் கணக்கில் வட்டியையும் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.