ட்யூப் இல்லாத டயர்: வாங்குமுன் வாசிக்க வேண்டியவை



ட்யூப்லெஸ் டயர் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இன்று நம்மில் யாரும் இல்லை. பைக்கில் பார்த்திருக்கிறோம், காரில் பார்த்திருக்கிறோம். ஆணி ஏறினாலும் வீடு வந்து சேரலாம் என்று அதன் பெருமையும் தெரியும். ஆனால் 'ரோடு பைக்' என்று சொல்லப்படும், வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயரும் கொண்ட பந்தய சைக்கிளுக்கும் ட்யூப்லெஸ் டயர் வந்துவிட்டது என்பதும், அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதும் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. நான் செய்த ஒரு தவறுதான் எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

என் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். படிப்புச் செலவுக்காக மாலை நேரத்தில் மார்த்தாண்டத்தில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்கிறேன். பஞ்சர் ஒட்டுவது, கோட்டம் எடுப்பது, பிரேக் கட்டை மாற்றுவது எல்லாம் அங்கே படித்ததுதான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஆசிரியர் தன் ரோடு பைக்கைக் கொண்டு வந்தார். பழையதாக வாங்கிய வண்டி. முன் டயர் தேய்ந்து நூல் தெரிந்தது. மறுநாள் காலை மாத்தூர் தொட்டிப்பாலம் வரை போக வேண்டும், புது டயர் போட்டுக் கொடு என்றார். கடை அண்ணன் வெளியே போயிருந்தார். கடையில் 25 மில்லிமீட்டர் டயர் ஒன்று இருந்தது, ட்யூபும் இருந்தது. நான் மாட்டினேன். டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் 115 பவுண்டு என்று போட்டிருந்தது. (கடைப் பேச்சில் பவுண்டு என்றால் பி.எஸ்.ஐ.) நான் 100 வரை அடித்துவிட்டு, வண்டியைச் சுவரில் சாய்த்தேன்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. 'டமார்' என்று ஒரு சத்தம். பக்கத்துக் கடையில் இருந்தவர்களெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். எனக்குக் கொஞ்ச நேரம் காது கேட்கவில்லை. பார்த்தால் டயர் ரிம்மைவிட்டு வெளியே கிடக்கிறது, ட்யூப் கிழிந்து தொங்குகிறது. அந்த டயர் பழுதானதும் இல்லை, ட்யூப் பழையதும் இல்லை. ரிம்மின் ஓரத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருந்தது. ஹூக்லெஸ் ரிம், ட்யூப்லெஸ் டயர் மட்டும், அதிகபட்சம் 5 பார் என்று அதில் இங்கிலீஷில் தெளிவாக எழுதியிருந்தது. 5 பார் என்றால் 72 பவுண்டு சொச்சம்தான்.

தமிழ் மீடியத்தில் படித்த எனக்குப் பொடி எழுத்து இங்கிலீஷ் என்றால் கண் தானாகத் தாண்டிப் போகும். அன்றும் தாண்டித்தான் போனது. ஆசிரியர் திட்டவில்லை. "ரோட்டில் ஆகாமல் இங்கேயே ஆச்சே, நல்லதுதான்" என்றார். அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. அதே சத்தம் மறுநாள் காலை ஒரு இறக்கத்தில் கேட்டிருந்தால்?

ராத்திரி வீட்டில் சொன்னேன். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அதில எழுதியிருந்துதா மக்கா?"

"ஆமாப்பா."

"நீ படிச்சவன்தானே. பொறவு ஏன் வாசிக்கல?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாளிலிருந்து கடைக்கு வரும் ஒவ்வொரு ரிம்மையும் டயரையும் வாசிக்க ஆரம்பித்தேன். தெரியாத சொல்லுக்கு அகராதி பார்த்தேன், நம் துறை ஆசிரியர்களிடமும் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதுதான் இனி வருவது.

சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு தாமதம்?

அமெரிக்காவில் 1955 வாக்கிலேயே புதுக் கார்களில் ட்யூப்லெஸ் டயர் வழக்கமாகிவிட்டது. சைக்கிளில் மாவிக் நிறுவனம் மலைச் சைக்கிளுக்கான முறையை 1999-ல்தான் கொண்டு வந்தது. ரோடு பைக்குக்கு ஹட்சின்சனும் ஷிமானோவும் சேர்ந்து 2006-ல் கொண்டு வந்தன.

தாமதத்துக்குக் காரணம் காற்றழுத்தம். கார் டயரில் 30 பவுண்டு சொச்சம்தான் காற்று. ஒல்லியான ரோடு பைக் டயரில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. 100 பவுண்டு என்றால் டயரின் உள்ளே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 7 கிலோ எடை தள்ளுகிறது. அவ்வளவையும் தாங்கி டயரை ரிம்மில் பிடித்து வைப்பது டயரின் விளிம்பில் உள்ள பீடிங். அது கொஞ்சம் இழுபட்டாலும் டயர் கழன்றுவிடும். ஆகவே ட்யூப்லெஸ் டயருக்கு இழுபடாத, இறுக்கமான பீடிங் தேவை. சாதாரண டயரின் பீடிங் அந்த அளவுக்குச் செய்யப்பட்டதல்ல.

முதலில் ரிம், பிறகுதான் டயர்

செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டாதே என்பார்கள். இங்கே ரிம்தான் கால், டயர்தான் செருப்பு. எனவே முதலில் ரிம்மைப் பாருங்கள்.

ரிம்மில் இரண்டு வகை. சுவரின் உள் ஓரத்தில் சின்னக் கொக்கி போல் மடிப்பு இருந்தால் அது கொக்கி ரிம். பீடிங் அதில் போய் மாட்டிக்கொள்ளும். மடிப்பு இல்லாமல் சுவர் நேராக இருந்தால் அது கொக்கியில்லா ரிம், அதாவது ஹூக்லெஸ். நகத்தால் உள் ஓரத்தைத் தடவினாலே மடிப்பு தட்டுப்படும். ஆனாலும் ஸ்டிக்கரை வாசிப்பதே நிச்சயம்.

கொக்கியில்லா ரிம்முக்கு மூன்று விதிகள்:

ஒன்று, ட்யூப்லெஸ் டயர் மட்டுமே போட வேண்டும். உள்ளே ட்யூப் வைத்து ஓட்டினாலும் டயர் ட்யூப்லெஸ் வகையாகத்தான் இருக்க வேண்டும். நான் தவறியது இங்கேதான்.

இரண்டு, 5 பாருக்கு மேல் காற்று கூடாது. ரிம்மில் ஒரு அளவும் டயரில் ஒரு அளவும் போட்டிருந்தால் குறைந்த அளவே கணக்கு.

மூன்று, ட்யூப்லெஸ் என்று போட்ட எல்லா டயரும் கொக்கியில்லா ரிம்முக்கு ஆகாது. ஹூக்லெஸ்ஸுக்கு ஏற்றது என்று டயரிலோ அட்டைப் பெட்டியிலோ தனியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரிய வீரர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த சைக்கிள் பந்தயத்தில் பெல்ஜியம் வீரர் தாமஸ் டி கெண்ட் ஓட்டிய சைக்கிளின் முன் டயர் கொக்கியில்லா ரிம்மைவிட்டுக் கழன்று, அவர் கீழே விழுந்தார். சாலையில் எதிலோ மோதியதே காரணம் என்று சொல்லப்பட்டது. ஆனால் அவர் ரிம்மின் உள் அகலம் 25 மில்லிமீட்டர், டயர் 28. அந்த ரிம்முக்குக் குறைந்தது 29 வேண்டும் என்று ஐரோப்பிய டயர், ரிம் தரநிலை சொல்லியிருந்தது. ஒரு மில்லிமீட்டர் உலகம் முழுவதும் பேச்சாகிவிட்டது.

எண்களை வாசிப்பது எப்படி?

டயரில் 28-622 என்று இருந்தால் முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது பீடிங் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம். இரண்டுமே மில்லிமீட்டர். 700 x 28C என்பதும் இதே டயர்தான். நம் பெரிய கறுப்பு சைக்கிளில் 28 x 1½ என்று இருக்கும். அந்த 28 அங்குலக் கணக்கு, அதன் ரிம் விட்டம் 635. இரண்டிலும் 28 இருப்பதால் ஒன்று என்று நினைத்து வாங்கினால் பணம் போச்சு. ஆகவே கடையில் 622 என்ற எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

எந்த அகலம், எவ்வளவு காற்று?

இரண்டாம் ஆண்டில் மெல்லிய உருளைக்கு நாம் படித்த சூத்திரம் நினைவிருக்கிறதா? அழுத்தம் பெருக்கல் விட்டம், வகுத்தல் இரண்டு மடங்கு தடிமன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததுதான். டயரும் ஒரு மெல்லிய உருளைதான், வட்டமாக வளைத்திருக்கிறது, அவ்வளவே. அழுத்தம் மாறாமல் அகலம் கூடினால் டயர் துணியின் இழுவிசையும் கூடும். 25 டயரில் 100 பவுண்டு உண்டாக்கும் இழுவிசையை 32 டயரில் 78 பவுண்டே உண்டாக்கிவிடும். போட்டுப் பாருங்கள்: 25 x 100 = 2500. அதை 32-ஆல் வகுத்தால் 78. "அகல டயருக்கு அதிகக் காற்று" என்பது தவறு. அகலம் கூடக் கூடக் காற்று குறைய வேண்டும்.

நம் ஊர்ச் சாலைக்கு 28 முதல் 32 வரை நல்லது. குழியில் அடி குறையும். 60 கிலோ எடையுள்ளவர் 28 டயரில் ஏறத்தாழ 60 பவுண்டு வைத்துத் தொடங்கி, ஓட்டிப் பார்த்து இரண்டிரண்டு பவுண்டாகக் கூட்டிக் குறைக்கலாம். பழைய பந்தய சைக்கிளின் ஃபோர்க்கில் 28 நுழையாமலும் போகலாம். அகலமான ரிம்மில் 28 டயர் இன்னும் விரியும். ஆகவே வாங்குமுன் டயருக்கும் ஃபோர்க்குக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். இரு பக்கமும் 4 மில்லிமீட்டராவது மிச்சம் வேண்டும்.

டயரின் மேல் பட்டன் இல்லாமல் வழவழவென்று இருக்கிறதே, மழையில் வழுக்காதா என்று பலர் கேட்கிறார்கள். கார் டயர் அகலமாக இருப்பதால் தண்ணீர் மேல் மிதக்கும். சைக்கிள் டயர் ஒல்லி, காற்றும் அதிகம், ஆகவே தண்ணீரைப் பிளந்துகொண்டு போய்விடும். பிடிமானம் ரப்பரின் தன்மையில்தான் இருக்கிறது. பந்தயத்துக்கென்று வரும் மெல்லிய டயரைவிட, நடுவில் பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த டயரே நமக்கு ஏற்றது. எடை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

உள்ளே ஊற்றும் பால்

ட்யூப்லெஸ் டயருக்குள் சீலண்ட் என்ற திரவம் ஊற்ற வேண்டும். ஒரு ரோடு பைக் டயருக்கு 30 முதல் 40 மில்லி. முள் குத்தினால் வெளியேறும் காற்றோடு இதுவும் ஓடி வந்து துளையில் உறைந்து அடைக்கும்.

ஒருநாள் என் சட்டையில் சிந்தியிருந்த சீலண்டை அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நம்ம பாலாக்கும்" என்றார். எனக்கு ஆச்சரியம். பல சீலண்டுகளில் இருப்பது ரப்பர் பால்தான். சிரட்டையில் விட்டால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும் பால், அமோனியா சேர்த்தால் உறையாமல் நிற்கும் என்பது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் முகர்ந்து கண்டுபிடித்தது அந்த அமோனியாவைத்தான். நான் புத்தகத்தில் தேடியதை அவர் மூக்கில் வைத்திருக்கிறார்!

பால் என்றால் காய்ந்தும் போகும். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கிழிசலை சீலண்ட் அடைக்காது. பைக் டயருக்குக் குத்தும் ரப்பர் திரி போல் சிறியது சைக்கிளுக்கும் உண்டு, அதைக் குத்த வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் வால்வைக் கழற்றிவிட்டு ட்யூப் போட்டுத்தான் வீடு வர வேண்டும். ட்யூப்லெஸ் ஓட்டுபவரும் பையில் ஒரு ட்யூப் வைத்திருக்க வேண்டும் என்பது வேடிக்கைதான், ஆனால் உண்மை.

மாட்டும்போது பீடிங்கை ரிம்மின் நடுப் பள்ளத்தில் இறக்கினால் டயர் தளர்ந்து உள்ளே போகும். சோப்புத் தண்ணீர் தடவுங்கள். இரும்பு லீவர் வேண்டாம், ரிம் டேப் கிழிந்தால் அதன் வழியே காற்று போய்விடும். காற்று ஏறும்போது 'டப், டப்' என்று பீடிங் உட்காரும் சத்தம் கேட்கும். உட்காரவில்லையே என்று அளவுக்கு மேல் அடிக்காதீர்கள். காற்றை இறக்கிவிட்டு மறுபடி சோப்புத் தண்ணீர் தடவி முயலுங்கள்.

நமக்கு வேண்டுமா?

ஒரு ஜோடி ட்யூப்லெஸ் டயரின் விலை என் ஒரு செமஸ்டர் கட்டணத்தைவிட அதிகம். பதினொன்றாம் வகுப்பில் அரசு தந்த சைக்கிளில்தான் நான் இன்றும் வருகிறேன். அதற்கு ட்யூபே போதும். பஞ்சர் ஆனால் நானே ஒட்டிக்கொள்வேன். தினமும் நீண்ட தூரம் ரோடு பைக் ஓட்டுபவர்களுக்கும், முள்ளும் கண்ணாடியும் நிறைந்த பாதையில் போகிறவர்களுக்கும் ட்யூப்லெஸ் பயன் தரும். மாதம் ஒரு தடவை வெளியே எடுக்கும் வண்டிக்குச் சீலண்ட் காய்வதுதான் மிச்சம்.

அந்த ஆசிரியரின் ரிம் உள் அகலம் 21. அதற்கு ஏற்ற 28 ட்யூப்லெஸ் டயர் வரவழைத்து, ஸ்டிக்கரை இரண்டு முறை வாசித்து, 65 பவுண்டு வைத்து நானே மாட்டிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொட்டிப்பாலம் போய்த் திரும்பியவர் கடை வாசலில் நிறுத்தி, "காத்து அப்படியே இருக்கு தம்பி" என்றார். அன்றுதான் எனக்கு நிம்மதி.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். நாளை லேத்திலோ பாய்லரிலோ டயரிலோ கை வைக்கப் போகிறவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் பொடி எழுத்தில் ஏதாவது எழுதியிருக்கும். அதைத் தாண்டிப் போகாதீர்கள். நமக்காக வாசிக்க வீட்டில் வேறு ஆள் இல்லை.



— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை