தகரத் துண்டும் கையடக்கத் தொலைபேசியும்



பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே லுணுகலை என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், அந்தி சாய்ந்தபின் லயத்து வாசலில் அமர்ந்து வானொலி கேட்ட தலைமுறை ஒன்று இருந்தது. கொழும்பில் 1925ஆம் ஆண்டு தொடங்கிய ஒலிபரப்பு, பிற்காலத்தில் டிரான்சிஸ்டர் பெட்டிகள் மலிந்தபோது மலையின் உச்சி வரை எட்டிற்று. அந்தப் பெட்டிக்கு ஒரு நற்குணம் உண்டு. அது பேசும், ஆனால் நாம் பேசுவதைக் கேளாது. நாம் எந்த நிகழ்ச்சியை விரும்பினோம், எப்பொழுது உறங்கினோம், யாருடன் சண்டையிட்டோம் என்பன அதற்குத் தெரியா.

இன்று அதே லயத்தில், அதே வாசலில், கையடக்கத் தொலைபேசி இருக்கிறது. அது பேசுகிறது, கேட்கவும் செய்கிறது. பார்க்கிறது; எழுதி வைத்துக்கொள்கிறது; நாம் நிற்கும் இடத்தையும் அறிகிறது. கட்டாரிலுள்ள மகனின் முகத்தைத் தாய்க்குக் காட்டுவதும், பிள்ளைக்குப் பாடம் சொல்வதும், கொழும்பிலிருந்து பணத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதுவே. ஆகவே அதனை வேண்டாமென்று தள்ளுதல் அறிவுடைமையாகாது. அதனிடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்று அறிந்துகொள்வதே நாம் செய்யத்தக்கது.

தம்மைப் பற்றிய விவரம் பிறர் கையில் இருப்பதன் பொருள் யாது என்பதை மலையக மக்களுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து புறப்பட்ட தொழிலாளியின் கழுத்தில் சிறு தகரத் துண்டு ஒன்று தொங்கிற்று. அவர் எந்தத் தோட்டத்திற்குச் செல்பவர், அவருடைய வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதை அதில் பொறித்திருந்த எண் காட்டிற்று. தோட்டத்தை அடைந்தபின் வேறொரு துண்டு அவர் வாழ்வை ஆண்டது. அவருடைய கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோர் அவரை அழைத்துச் செல்லலாம் என்று துரை எழுதிக் கொடுத்த காகிதமே அது. அந்தத் துண்டு இன்றி அவர் வேறு தோட்டத்தில் பேர் போட முடியாது. கடன் எவ்வளவு என்பதை எழுதியவர் ஒருவர், வைத்திருந்தவர் இன்னொருவர், அதற்குக் கட்டுப்பட்டவரோ அதனை வாசிக்கத் தெரியாதவர். 1921ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிந்தது.

பின்பு 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. அக்குறை முற்றும் நீங்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இத்தகைய வரலாறு உடையவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் பொன்னினும் அரியவை. பொலித்தீன் உறையிலிட்டுப் பெட்டியின் அடியில் வைத்துப் போற்றுகிறார்கள். ஆனால் அதே காரணத்தால் வேறொரு பழக்கமும் வேரூன்றிவிட்டது. 'அட்டையைக் காட்டு' என்று யார் கேட்டாலும் உடனே காட்டுகிறோம்; படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அனுப்பியும் விடுகிறோம்.

அந்த அட்டையிலுள்ள எண்ணைச் சற்று உற்று நோக்குவோம். 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைக் குறிப்பன. பெண்களாயின் அத்துடன் 500 கூட்டப்பட்டிருக்கும். எண் 1985532 என்று தொடங்குமாயின், உரியவர் பெண் என்பதும், 1985ஆம் ஆண்டின் 32ஆம் நாளாகிய பெப்ரவரி முதலாம் திகதியில் பிறந்தவர் என்பதும் விளங்கும். ஆக, எண்ணைக் கொடுத்தவர் தம் பிறந்தநாளையும் கொடுத்துவிட்டார். நம்மில் பலர் வங்கி அட்டைக்கும் தொலைபேசிப் பூட்டுக்கும் இரகசிய எண்ணாக வைத்திருப்பதும் பிறந்த ஆண்டையோ பிறந்தநாளையோ அன்றோ? வாசலில் பூட்டைத் தொங்கவிட்டு, திறப்பின் உருவத்தைக் கதவிலே வரைந்து வைத்தது போன்றது இது. எனவே முதல் வேலையாக, பிறந்தநாளோடு தொடர்பில்லாத ஓர் எண்ணை இரகசிய எண்ணாக மாற்றிக்கொள்ளுதல் நலம்.

அடுத்தது, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல். வங்கியும் வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் நம் முகத்தைக் காண்பதில்லை. இந்தச் சிம் அட்டையை வைத்திருப்பவரே உரியவர் என்று கொண்டு, அந்த எண்ணுக்குச் சில இலக்கங்களை அனுப்புகின்றன. அவற்றைத் திரும்பச் சொல்பவரை உரியவரென ஏற்றுக்கொள்கின்றன. ஆகையால் அவ்விலக்கங்களைக் கேட்டு ஒருவர் அழைப்பாராயின், அவர் நம் திறப்பைக் கேட்கிறார் என்பதே பொருள். 'உமக்குப் பரிசு விழுந்திருக்கிறது' என்பார். 'உமது சேமலாப நிதிப் பணம் வந்திருக்கிறது' என்பார். 'தவறுதலாக உமது எண்ணுக்கு அனுப்பிவிட்டேன்' என்றும் சொல்வார். வங்கி அந்த இலக்கங்களை நம்மிடம் தொலைபேசியில் கேட்பதில்லை. கேட்பவர் யாராயினும் சொல்லலாகாது. வாட்ஸ்அப் செயலியில் இரண்டாவது இரகசிய எண் ஒன்றை நாமே அமைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அதனை அமைத்துவிட்டால், குறுஞ்செய்தி இலக்கங்களை அறிந்த ஒருவரும் எளிதில் நுழைய இயலாது.

மூன்றாவதாகச் செயலிகள் கேட்கும் அனுமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழைக்கால இரவில் பெருந்தெருவிலிருந்து லயத்துக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் டோர்ச் இன்றி நடக்க முடியாது. தொலைபேசியையே டோர்ச்சாக்கும் செயலிகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, மக்கள் நிற்கும் இடத்தை அவர்களுக்குத் தெளிவாக அறிவிக்காமல் விளம்பரக்காரருக்குக் கொடுத்து வந்தது என்று 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. விளக்கு எரிய நாம் நிற்கும் இடம் எதற்கு? நம் உறவினரின் தொலைபேசி எண்கள் எதற்கு? செயலி ஒன்று எதையேனும் கேட்கும்போது, 'இவ்வேலைக்கு இது தேவையா?' என்னும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகினால் போதும். தேவையில்லையாயின் மறுக்கலாம், முன்பே கொடுத்துவிட்ட அனுமதியைத் தொலைபேசியின் அமைப்புப் பகுதிக்குச் சென்று திரும்பப் பெறவும் செய்யலாம்.

இதனினும் கொடியது, சில நிமிடங்களில் கடன் தருவதாகக் கூறும் செயலி. பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர், தொலைபேசியிலுள்ள பெயர்ப் பட்டியலையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். தவணை தவறினால், கடன்பட்டவரின் மாமன், மைத்துனர், வேலைத்தலத்தார் ஆகியோரையெல்லாம் அழைத்து அவமானப்படுத்துவதற்கு அப்பட்டியல் பயன்படும். இந்தியாவில் இக்கொடுமை பெருகியதனால், கடன் தரும் செயலிகள் பெயர்ப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் படங்களையும் தொடலாகாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு விதித்தது. கடனும் விவரமும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை நம் பாட்டனார் காலத்துத் துண்டு நமக்குக் காட்டியிருக்கிறது. அவர்கள் வாசிக்க இயலாத காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள். நாமோ வாசியாத ஆங்கிலப் பக்கத்தின் கீழ் 'சம்மதம்' என்னும் பொத்தானை அழுத்துகிறோம். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனிச் செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், கேள்வி கேட்டால் விடை எழுதித் தரும் கருவிகள் யாவர் கைக்கும் எட்டியுள்ளன. அவை செயற்படும் முறை விந்தையானது. கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு அவற்றைப் பயிற்றியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் என்பதைக் கணக்கிட்டு, சொல்லின்மேற் சொல்லாக அடுக்கி விடை தருகின்றன. ஆகையினால் அவற்றின் நடை தெளிவாக இருக்கும். உள்ளடக்கம் பிழையாகவும் இருக்கக்கூடும். பயிற்றுவதற்குக் கிடைத்த எழுத்து ஆங்கிலத்தில் மிகுதி, தமிழில் குறைவு. எனவே தமிழில் நாம் கேட்கும்போது கூடுதலான கவனம் வேண்டும். மருந்தின் அளவையோ சட்டத்தின் விதியையோ அவை சொல்லியதனால் மட்டும் நம்பிவிடாமல், வைத்தியரிடமும் அலுவலகத்திலும் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

ஆயினும் அவற்றால் நன்மை இல்லையென்று சொல்வதற்கில்லை. பிரதேச செயலாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியிருப்பின், பிறர் தயவை எதிர்பாராமல் நல்ல நடையில் எழுதிக்கொள்ளலாம். அங்கே ஓர் எளிய முறையைக் கைக்கொள்ளுதல் நன்று. பெயர், முகவரி, அடையாள அட்டை எண், நோயின் விவரம் ஆகிய இடங்களைப் புள்ளியிட்டு விட்டுவிடுங்கள். கடிதத்தை அது எழுதித் தந்தபின், அந்த இடங்களை நம் கையாலேயே நிரப்பிக்கொள்ளலாம். நாம் எழுதிக் கொடுப்பது அந்நிறுவனத்தின் கணினியைச் சென்றடைகிறது. அங்கே அது சேமித்து வைக்கப்படலாம். பின்னர் பயிற்சிக்கும் பயன்படலாம். சாம்சங் போன்ற பெருநிறுவனமே, தன் ஊழியர் சிலர் அலுவலக இரகசியங்களை இத்தகைய கருவியில் இட்டுவிட்டதைக் கண்டு, 2023ஆம் ஆண்டு அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திற்று. அவர்களுக்கே நேர்ந்த தவறு நமக்கு நேராதென்று எப்படிச் சொல்வது?

குரலும் இன்று நம்பத்தக்க சாட்சியாக இல்லை. மூன்று விநாடிக் குரற்பதிவைக் கொண்டு ஒருவரைப் போலவே பேசவல்ல கருவி ஒன்றை மைக்ரோசொப்ட் ஆராய்ச்சியாளர் 2023ஆம் ஆண்டு சனவரியில் அறிவித்தனர். லுணுகலையிலுள்ள ஒரு தாயை மனத்திலே கொள்ளுங்கள். நள்ளிரவில் புதிய எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது. 'அம்மா, விபத்து ஆகிவிட்டது. உடனே பணம் அனுப்புங்கள்' என்று மகனின் குரல் கேட்கிறது. எந்தத் தாய்தான் பதறமாட்டாள்? அந்தப் பதற்றத்தையே வஞ்சகர் விலைக்குக் கொள்கிறார்கள். இதற்குரிய காப்பும் எளியதே. அழைப்பைத் துண்டித்துவிட்டு, மகனின் பழைய எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும். குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் இன்னும் சிறப்பு. கொல்லையிலிருந்த பழைய மாட்டின் பெயராயினும் போதும். அது வேறெங்கும் எழுதப்பட்டிராத சொல்லாக இருத்தல் வேண்டும்.

'ஏழைக்கு ஏது அந்தரங்கம்? அது செல்வர்களின் கவலை' என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். லயத்தில் வாழ்ந்தவர் அவ்வாறு கூறமாட்டார். ஒரே சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் வாழும் இடத்தில்தான், எதை உரத்துப் பேசலாம், எதைத் தாழ்ந்த குரலில் பேச வேண்டும் என்பதை மக்கள் நன்கறிவர். மகளின் திருமணப் பேச்சையும், வீட்டின் கடனையும், உடலின் நோயையும் அவர்கள் சுவருக்குக் கேளாமற் பேசுகிறார்கள். தொலைபேசியையும் அத்தகைய சுவராகக் கருதுதல் வேண்டும். வாட்ஸ்அப் செய்திகள் 2016ஆம் ஆண்டு முதல் இருமுனைப் பூட்டுடன் செல்கின்றன. இடையிலுள்ளவர் அவற்றை வாசிக்க முடியாது. ஆனால் நாம் யாருடன், எப்பொழுது பேசினோம் என்பதை அப்பூட்டு மறைக்காது. பெற்றுக்கொண்டவர் பிறருக்கு அனுப்பிவிட்டாலும் பூட்டுக்குப் பொருளில்லை. குடும்பத்தார் அனைவரும் ஒரே தொலைபேசியைப் பயன்படுத்தும் வீடுகளில், அதனைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் பெண்பிள்ளைகளின் படங்களை வேறிடத்திற்கு மாற்றிவிடுவதும், விற்குமுன் உள்ளிருப்பவை அனைத்தையும் அழித்துவிடுவதும் கட்டாயம்.

சட்டமும் நம் பக்கம் வரத் தொடங்கியுள்ளது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017ஆம் ஆண்டு, அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று ஒருமனதாகத் தீர்த்தார்கள். இலங்கையின் நாடாளுமன்றம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. நம்மைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும், கொடுத்த சம்மதத்தை மீட்டுக்கொள்ளவும், இயந்திரம் தானாகச் செய்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரவும் அச்சட்டம் உரிமை வகுத்துள்ளது. அன்று துண்டிலே எழுதிய கடன் பிழையென்று சொல்ல ஒரு தொழிலாளிக்கு வழியில்லை. இன்று அந்த வழி சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அது பதுளை மலைகளின் தோட்டங்கள் வரை வந்து சேர வேண்டுமானால், அப்படி ஓர் உரிமை உண்டென்பதை முதலில் நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஏமாற்றப்பட்டவர் வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிடுவது வஞ்சகருக்கே துணையாகும். பணம் போயிற்றெனத் தெரிந்தவுடன் வங்கியை அழைத்து அட்டையை நிறுத்தச் செய்ய வேண்டும். பொலிசில் முறையிட வேண்டும். பக்கத்து வீட்டாரிடமும் சொல்ல வேண்டும். நமக்கு வந்த அழைப்பு அடுத்த நாள் அவர்களுக்கும் வரக்கூடும்.

நம் முன்னோர் கழுத்திலே தகரத்தைப் பிறர் மாட்டினார்கள். இன்று நாம் கையில் ஏந்தியிருக்கும் கருவியை நாமே விலைகொடுத்து வாங்குகிறோம். விலை கொடுத்தவர் எவரோ அவர் சொற்படி கருவி நடத்தல் வேண்டும். இன்றிரவு உறங்குமுன், உங்கள் வீட்டுப் பிள்ளையை அருகே அழைத்து, தொலைபேசியிலுள்ள செயலிகள் என்னென்ன அனுமதி பெற்றிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். தேவையற்றவற்றை நீக்குங்கள். அதற்கு அரைமணி நேரமும் ஆகாது.